எண்பதில் திக்கும் வண்டி

மோலெஃபி எழுந்தான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மடித்தான். மறுபக்கம் மடிக்க ஒன்றும் இல்லை. விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைப் பெருக்கினான். மணலில் கோடுகள் வளைவு வளைவாக விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வீட்டில் சோம்பேறி குடியிருக்கிறான் என்று ஊர் சொல்லும். விழுந்தன. தண்ணீர் கொதிக்க வைத்து சோளக் கூழ் கிண்டினான். கூழ் இன்றும் இரண்டு பேருக்கு வந்தது. கை பழைய அளவை விடவில்லை. மீதியை நாய்க்கு ஊற்றினான். தேநீர் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையின் இடது கையில் கறுப்புத் துணியை ஊக்கால் குத்தினான். தாரமிழந்தவன் அதைக் குத்தாமல் வாசல் தாண்டக்கூடாது.

பிறகு வண்டியை எடுத்தான்.

வெள்ளை பிக்கப். அவன் பள்ளியில் படித்த காலத்து வண்டி. கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் பெட்டி வந்த முதல் வருஷங்களில் செய்தது. பொனோலோ கல்யாணத்துக்கு முன்பே தன் வாத்தியார் சம்பளத்தில் வாங்கியிருந்தாள். ஆகவே அதில் தங்களுக்கும் பாத்தியதை உண்டு என்று அவள் வீட்டார் நினைத்தார்கள். நினைத்ததைச் சொல்லத்தான் இன்று கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் திருகிலேயே இஞ்சின் பிடித்தது. நின்ற இடத்தில் சீராக ஓடியது. நிற்கும்போது அதற்கு ஒரு குறையும் இல்லை. ஓடும்போதுதான் கோளாறு. தார்ச்சாலையில் ஒரு வேகம் வந்ததும் மூச்சுத் திணறுவதுபோல் ஒரு கணம் விட்டுவிட்டு, ஒரு உதறு உதறி, மறுபடி இழுக்கும். மாமனார் வீட்டு வாசல்வரை அது அப்படியே செய்தது. வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

மருலா மரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தன. பெரிய நாற்காலியில் ராடிபாத்தி மாமா. பொனோலோவின் தாய்மாமன். அந்த வீட்டில் கல்யாணமானாலும் சாவானாலும் அவர் வாய் திறந்த பிறகுதான் மற்றவர்கள் திறக்க வேண்டும். பக்கத்தில் பொனோலோவின் தம்பி திரெலோ, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. பாயில் மாமியார். மரத்துக்குப் பின்னால் மாமாவின் சொந்த பிக்கப் நான்கு கல்லின் மேல் நின்றது. பொனோலோவின் வண்டிக்கு இரட்டைப் பிறவி. அதே கம்பெனி, அதே வருஷம். பல வருஷமாக அதில் கோழிகள் முட்டையிட்டு வந்தன.

"மாப்ளே, நான் சுத்தி வளைக்கலை," என்றார் மாமா. "வண்டி உன் கையில திக்குது. திரெலோ கையில திக்கலை. ஊரே பாத்துடுச்சு. சரியா?"

"சரிதான் மாமா."

"தாரமிழந்தவன் உடம்புல சூடு இருக்கும். அது உன் குத்தம் இல்லை. என் அப்பனுக்கும் இருந்துச்சு. கையில குத்தியிருக்குற துணியை எடுக்குற வரைக்கும் நீ பட்டிப் பக்கம் வரக்கூடாது. வந்தா மாடு கன்னு போடாது, மழையும் வராது. உனக்கே தெரியும். இப்ப அந்தச் சூடு இஞ்சினுக்குள்ள இறங்கிடுச்சு."

"இஞ்சின் பொறந்ததுல இருந்தே சூடுதானே மாமா."

திரெலோ சிரித்துவிட்டு, மாமா பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"இன்னைக்கு மத்தியானம் பட்டிக்கு உப்பும் தண்ணியும் போகுது. இந்த வண்டிலதான் போகுது. அங்கேயே நிக்கட்டும். திரெலோ வெச்சுக்குவான்."

மாட்டுப் பட்டிக்குக் குடிபோன எந்த வண்டியும் திரும்பி வந்து மோலெஃபி பார்த்ததில்லை. மணல் அடியைத் தின்னும், முள் டயரைத் தின்னும், மிச்சத்தைத் திரெலோ தின்பான். அடுத்த குளிர்காலத்தில் அதுவும் கல்லின் மேல் ஏறியிருக்கும். பொனோலோவின் துணிமணிகள் ஏற்கெனவே மாமியார் வீட்டு உள்ளறையில் பூட்டிக் கிடந்தன. துணியைக் கழற்றும் சடங்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அவனிடம் இருந்தது வண்டி ஒன்றுதான்.

"அன்னைக்கும் திக்கிச்சுல்ல," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. திக்காம இருந்திருந்தா..."

முடிக்கவில்லை. பொனோலோவின் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி பக்கத்து வீடாக இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதை மோலெஃபி இதே மரத்தடியில் சொல்லியிருக்கிறான். தலையாட்டிக் கேட்டார்கள். ஆனால் டாக்டர் சொன்னதை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. வண்டி திக்குவதைத் தினமும் பார்த்தார்கள்.

"விடுங்கண்ணே," என்றாள் மாமியார். "எல்லாத்தையும் ஆண்டவர் கையில விட்டேன்னு சொல்லிட்டுத்தானே போனா. அதானே அவ கடைசி வார்த்தை."

வண்டியில் அன்று இருந்தது இரண்டே பேர். இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று மோலெஃபிக்குத் தெரியாது. அடக்கத்தன்று போதகர் சொன்னார். அன்றிலிருந்து அதுதான் கடைசி வார்த்தை. அவன் மறுக்கவில்லை. கிழவிக்கு அது தூக்கம் கொடுத்தது.

"மாமா, மத்தியானம்தானே கிளம்புறீங்க? அதுவரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. வண்டில கோளாறு இருக்கு. எங்கிட்ட இல்லை. காட்டுறேன்."

"பம்ப் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு. இன்னும் என்னத்தைக் காட்டப்போறே மச்சான்?" என்றான் திரெலோ. "பாக்கி இருக்குறது ஹார்ன்தான்."

"மாத்துனீங்க. பாக்கலையே."

மோலெஃபி தலைநகர் கபரோனில் மோட்டார் படிப்பு முடித்தவன். மஹலாப்யேயில் ஒரு கடையில் டிராக்டரும் நீரிறைக்கும் பம்பும் பழுது பார்த்தான். அவள் போன இந்த ஐந்து மாதத்தில் அவனுக்குப் பல விஷயங்கள் புரியாமல் போயிருந்தன: யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்தக் கிழமை. இஞ்சின் மட்டும் புரிந்தது. அதில் ஒன்றுக்கு ஒன்று காரணம் இருந்தது. காரணத்தைப் பிடித்துப் பின்னால் நடந்தால் வீடு வந்துவிடும்.

"திரெலோ, நீ எப்படி ஓட்டுவே?"

"எப்படின்னா? மிதிப்பேன்."

"எவ்வளவு?"

"இருக்குற வரைக்கும்."

"அப்ப வண்டி எப்படி?"

"காளை மாதிரி."

"கேட்டீங்களா மாமா? பெட்ரோல் பத்தலைன்னா முழுசா மிதிக்கிறப்பதான் முதல்ல சாகும். அப்பத்தான் அது நிறையக் குடிக்கும். பொறி சரியில்லைன்னாலும் அப்படித்தான். எங்கயாவது காத்துக் கசிஞ்சா நிக்கிறப்பவே தள்ளாடும். ரெண்டும் இல்லை. நடுவுல ஒரு இடத்துல மட்டும் திக்குது. அந்த இடத்தை இவன் பறந்து தாண்டிடுறான். நான் அங்க குந்தியிருக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"வாயால பஞ்சர் ஒட்டாதே."

"ஒட்டலை. திரெலோவே ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காருங்க. நான் வண்டிலயே ஏறலை, ரோட்டோரமா நிக்கிறேன். என் சூடு அங்கயே இருக்கட்டும். ஆனா எண்பதுல போகணும். எண்பது வந்ததும் கால் அசையக்கூடாது."

"எண்பதா?" திரெலோவின் முகம் சுருங்கியது. "கழுதை வண்டி என்னைத் தாண்டிப் போகுமே!"

"உன் அக்கா எண்பதுலதான் போனா," என்றாள் மாமியார் பாயிலிருந்து. "போடா."

தார்ச்சாலை வளைவில்லாமல் நேரே கிடந்தது. மோலெஃபி ஓரத்தில் நின்றான். கழுதைகள் சாலையைக் கடந்தன. வண்டி கடந்தது. முதல் தடவை திரெலோவுக்குப் பொறுக்கவில்லை. இஞ்சின் அலறிக்கொண்டு போனது. திரும்பி வந்தார்கள். ஜன்னல் வழியே மாமா அவன் தொப்பியைத் தட்டிவிடுவது தெரிந்தது. மறுபடி போனார்கள். இந்த முறை சத்தம் ஒரே அளவில் நீண்டது. மோலெஃபி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒரே சுருதி, ஒரே சுருதி, பிறகு ஒரு விடுபடல். மறுபடி சுருதி. மறுபடி விடுபடல்.

திரும்பி வந்து நின்ற வண்டியிலிருந்து திரெலோதான் முதலில் குதித்தான். "மச்சான்! திக்குது! எனக்கே திக்குது! நான் யாரையும் இழக்கலையே! கல்யாணமே ஆகலையே!"

மாமா மெதுவாக இறங்கினார். "ரோட்டுல நின்னு என்ன மந்திரம் போட்டே?"

"கழுதை எண்ணிக்கிட்டு இருந்தேன் மாமா."

"சரி. கோளாறு இருக்கு. ஒத்துக்கறேன். எங்க இருக்கு?"

முற்றத்தில் வண்டியை நிறுத்தி பானட்டைத் தூக்கினான். கருவிப் பெட்டியிலிருந்து பழைய முள் மீட்டரை எடுத்தான். எண் காட்டும் மீட்டரும் வைத்திருந்தான். ஆனால் எண்கள் நிதானமாக மாறும், கண் சிமிட்டும் நேரக் கோளாறை விழுங்கிவிடும். முள் விழுங்காது, துள்ளும்.

"இங்க பாருங்க மாமா. ஆக்சிலேட்டரை மிதிச்சா இந்தத் தகடு திறக்கும், காத்து உள்ள போகும். தகடு எவ்வளவு திறந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆளு இதுதான்." இஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு திருகாணியில் உட்கார்ந்திருந்த தீப்பெட்டி அளவுக் கறுப்பு சென்சாரைத் தொட்டுக் காட்டினான். "உள்ள ஒரு கரிப் பட்டை. அதுமேல ஒரு விரல் மாதிரி ஊசி உரசிக்கிட்டே போகும். கால் எங்க இருக்கோ ஊசி அங்க இருக்கும்."

ஒயரின் பின்பக்கத்தில் மெல்லிய ஊசியைச் சொருகி மீட்டரை இணைத்தான். சாவியைப் போட்டான், இஞ்சினை இயக்கவில்லை. மீட்டரை மாமாவின் கையில் கொடுத்தான்.

"நான் தகட்டை மெதுவாத் திறக்குறேன். முள் சறுக்காம ஏறணும்."

விரலால் தள்ளினான். முள் கிளம்பியது. சீராக ஏறியது. கால்வாசி தூரத்துக்கு முன்னால் சட்டென்று தரைக்கு விழுந்து, மறுபடி எழுந்து, மேலே போனது.

"விழுந்துச்சு!" என்றார் மாமா.

"இன்னொரு தடவை."

விழுந்தது. அதே இடம்.

"இன்னொரு தடவை," என்றார் மாமாவே.

விழுந்தது. இதற்குள் மாமியாரும் பாயை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்க பட்டை தேஞ்சு போச்சு. கால் அந்த இடத்துக்கு வந்ததும் கம்ப்யூட்டர் காலை எடுத்துட்டாங்கன்னு நினைச்சு பெட்ரோலைக் குறைக்குது. அடுத்த நொடி மறுபடி குடுக்குது. அதுதான் உதறல்."

"வேற எங்கயும் தேயலையே? அங்க மட்டும் ஏன்?"

மோலெஃபி தகட்டிலிருந்து விரலை எடுத்தான். பதில் தெரியும். கண்ணை மூடிக் கேட்ட அந்தச் சுருதியிலேயே தெரிந்துவிட்டது. சொல்ல வாய்தான் வரவில்லை.

"எண்பது," என்றாள் மாமியார்.

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்கூலுக்குப் போறப்பயும் எண்பது, வர்றப்பயும் எண்பது," என்றாள். "மாடு குறுக்க வரும்மா, எண்பதுக்கு மேல போனா நிக்காதும்பா. நான் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன். கால் ஒரு அங்குலம் நகராது. இந்த ஊசி... அத்தனை வருஷமும் அங்கயேவா நின்னுச்சு?"

"அங்கயேதான் அத்தே. ரோட்டுக் குலுக்கல்ல அதே இடத்துல உரசி உரசித் தேஞ்சிடுச்சு. எனக்கும் எண்பதுதான் பழக்கம். அவகிட்ட இருந்து வந்தது."

மாமா மீட்டரை பானட் விளிம்பில் வைத்தார். தொப்பியை எடுத்தார். போட்டார்.

"புதுசு எங்க கிடைக்கும்?"

"கபரோன்ல. திங்கக்கிழமை. ஆனா நீங்க மத்தியானம் கிளம்புறீங்க." மோலெஃபி மரத்துக்குப் பின்னால் பார்த்தான். "இல்லேன்னா, அங்க ஒண்ணு இருக்கு."

"என் வண்டியா? அதைத் தொடாதே. அதை நான் ரெடி பண்ணப் போறேன்."

"எப்ப மாமா?" என்றான் திரெலோ. "கோழிங்க காலி பண்ணினப்புறமா?"

"அடுத்த வருஷம்."

"நான் டயப்பர்ல இருந்தப்பவும் அடுத்த வருஷம்தான்."

மாமா கையை வீசினார். அது சம்மதம். மோலெஃபி மாமாவின் வண்டி பானட்டைத் திறந்தான். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி உட்கார்ந்து அவனை முறைத்தது. அதை நகர்த்த முயன்று இரண்டு கொத்து வாங்கினான். இரண்டு திருகாணி. சென்சார் கையோடு வந்தது. எச்சத்தைத் துடைத்து, வண்டிப் பேட்டரியில் இணைக்காமல், மீட்டரின் உள் மின்சாரத்திலேயே உரசலைப் பார்த்தான். விரலால் திருப்பினான். முள் வழுவழுவென்று ஏறியது. நடுவே ஒரு சலனமும் இல்லை. கடைசி முனையில், முழுக்கத் திறக்கும் இடத்தில், துள்ளி விழுந்தது.

மோலெஃபி நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்லை மாமா. நீங்க எப்படி ஓட்டினீங்கன்னு முள் சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"முதல்லயும் இல்லை, நடுவுலயும் இல்லை. எப்பவும் முட்டுற வரைக்கும்."

திரெலோ தரையில் உட்கார்ந்துவிட்டான். மாமியார் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. ஐந்து மாதத்தில் அந்த முற்றத்தில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. மாமாவும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தார்.

"ஒரு காலத்துல அதுக்கு முன்னால எந்த வண்டியும் நின்னதில்லைடா," என்றார் கடைசியில், சிரித்தபடி.

சென்சாரை மாற்ற அதிக நேரம் ஆகவில்லை. திருகாணிகளைத் தளர்வாகப் பூட்டி, முள் தொடக்க அளவுக்கு வரும்வரை லேசாகத் திருப்பி, பிறகு இறுக்கினான். கழற்றிய பழையதைக் குப்பையில் போடத் தூக்கியபோது மாமியார் கை நீட்டினாள்.

"அதைக் குடு."

"அது ஒண்ணுத்துக்கும் ஆகாது அத்தே."

"குடுங்கறேன்ல."

கொடுத்தான். அவள் அதைத் தலைத்துணியின் நுனியில் முடிந்துகொண்டு உள்ளறைக்குப் போனாள். பூட்டு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பொனோலோவின் சட்டைகளோடு, காலணிகளோடு, சடங்கு நாள்வரை அதுவும் இருக்கும்.

"நீயே ஓட்டு," என்றார் மாமா, பக்கத்து இருக்கையில் ஏறியபடி. "திக்கினா வண்டி பட்டிக்கு. திக்கலைன்னா உன் வீட்டுக்கு. எல்லாரும் கேட்டுக்குங்க."

தார்ச்சாலையில் ஏறினார்கள். அறுபது. எழுபது. மாமா முன்கண்ணாடியைப் பார்க்கவில்லை, மோலெஃபியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது. மோலெஃபி காலை அங்கேயே நிறுத்தினான்.

இஞ்சின் ஒரே குரலில் பாடியது. வேலிக்கம்பங்கள் போயின. ஒரு கடை போனது. பசு ஒன்று சாலையோரம் நின்று யோசித்தது. அவன் வேகத்தைக் குறைத்து, அது முடிவெடுத்ததும் மறுபடி எண்பதுக்கு வந்தான். விடுபடல் இல்லை. உதறல் இல்லை.

"உன் கையில துணி இருக்கு," என்றார் மாமா, அவன் காலிலிருந்து கண்ணை எடுத்து. "வண்டி திக்கலை."

"ஆமா மாமா."

"ஆனா பட்டிக்கு நீ வரக்கூடாது. துணி எடுக்குற வரைக்கும். அது வேற கணக்கு."

"வரலை மாமா. திரெலோ உப்பை ஏத்திட்டுப் போயிட்டு வரட்டும். ராத்திரிக்குள்ள வண்டி என் வாசல்ல நிக்கணும். முழுசா மிதிக்க வேண்டாம்னு சொல்லுங்க. அங்கதான் உங்க கால் தேஞ்ச இடம் இருக்கு."

"முழுசா மிதிச்சா?"

"திக்கும்."

"நல்லா வேணும் அவனுக்கு." மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். "வண்டி உன்னுதுதான் மாப்ளே. நான் சொன்னா சொன்னதுதான்."

ஊர் முடிந்து மேடு தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் மேடு. வண்டி எண்பதிலேயே ஏறியது. ஏற ஏறக் கொஞ்சம் களைத்தது, எழுபத்தைந்து, எழுபது. அது கோளாறு இல்லை, மேடு.

"என்ன மாப்ளே, ஊர்ந்துக்கிட்டு," என்றார் மாமா. பிறகு அவராகவே குரலைத் தாழ்த்தினார். "இங்கதானே? ஆண்டவர் கையில விட்டேன்னு அவ சொன்னது?"

"இந்த மேட்டுலதான் மாமா," என்றான் மோலெஃபி.

இடம் சரி. வார்த்தைதான் வேறு. அன்று நல்ல வெயில். பொனோலோ இப்போது மாமா இருக்கும் இடத்தில் இருந்தாள், நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. தலை வலிக்கிறது என்பதைத் தவிர காலையிலிருந்து அதிகம் பேசவில்லை. மேட்டின் பாதியில் வண்டி திக்கியது. அவன் பயந்து காலை இன்னும் லேசாக்கினான். மறுபடி திக்கியது. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். வாயின் ஒரு ஓரம் மேலே போனது.

"முட்டை மேலயா கால வெச்சிருக்கே?" என்றாள். "மிதிடா."